புல்லை வெட்டு, இல்லாவிட்டால் பில் வரும்

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் முன்னால் இருக்கும் புல்தரையைப் பார்த்து "என்ன அழகு, என்ன சுத்தம்" என்று வியக்கிறவர்கள் நம்மில் நிறைய. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. புல் பாவம், என்ன செய்யும். அதை வெட்டியே தீர வேண்டும் என்கிற கட்டாயம்தான் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் புல்வெட்டும் இயந்திரம் வந்ததே வேலையைக் குறைக்கத்தான். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர் போனது. நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் இழைகளை அங்கே சுழலும் கத்திகளால் மழிப்பார்கள். அந்தப் பகுதிப் பொறியாளர் எட்வின் பியர்ட் பட்டிங் அதே வித்தையைப் புல்லுக்குக் கொண்டுவந்து 1830-இல் காப்புரிமை வாங்கினார். இரும்பு வண்டி, 19 அங்குல அகலம். பின்னால் இருக்கும் கனமான உருளை தரையில் உருள உருள, பல்சக்கரங்கள் வழியாகக் கத்திகள் வேகமாகச் சுழலும். வெட்டுப்பட்ட புல் முன்னால் இருக்கும் தட்டில் விழும். ஒருவர் தள்ள, தேவைப்பட்டால் இன்னொருவர் முன்னாலிருந்து இழுக்கவும் கைப்பிடி உண்டு. கனவான்கள் தாங்களே தள்ளினால் நல்ல உடற்பயிற்சி என்று காப்புரிமையிலேயே எழுதி வைத்தார் மனிதர். கெட்டிக்கார வியாபாரி!

அதுவரை பனி ஈரம் காய்வதற்குள் ஆட்கள் நீண்ட பிடி போட்ட அரிவாளை வீசி அறுக்க வேண்டும். கூலி கொடுக்க வசதியுள்ள பிரபுக்கள்தான் புல்தரை வைத்துக்கொண்டார்கள். இயந்திரம் மலிவானதும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை வந்தது. சரி, ஆசைதானே, தப்பில்லை.

ஆனால் 1947-இல் நியூயார்க் பக்கம் ஒரு வீடு கட்டும் கம்பெனி எழுப்பிய லெவிட்டவுன் என்ற புறநகரில் அது விதியாகிவிட்டது. வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது. வெட்டாவிட்டால் கம்பெனியே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு பில் அனுப்பும். வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்பதும் அதே ஊரின் ஒப்பந்தத்தில்தான் இருந்தது.

அப்புறம் களைக்கொல்லி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 2,4-டி கடைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளை எல்லாம் கொன்றது. கூடவே க்ளோவரும் செத்தது. மண்ணுக்குக் காசில்லாமல் நைட்ரஜன் சேர்த்துவந்த செடி அது, புல் விதையோடு கலந்தே விற்றுவந்தார்கள். அதைக் களை என்று சொல்லி ஒழித்துவிட்டு, உர மூட்டையைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். இந்தக் கூத்தை என்னவென்று சொல்வது?

இப்போது தண்ணீருக்குத் திண்டாடும் லாஸ் வேகஸில், சும்மா அழகுக்கு மட்டும் இருக்கும் புல்லை 2026 முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று நெவாடா மாநிலம் 2021-இல் சட்டம் போட்டிருக்கிறது. சாலை நடுவில், அலுவலக வாசலில் எல்லாம் எடுக்க வேண்டும். தனி வீட்டுப் புல்லை மட்டும் தொடவில்லை. அதில் கை வைத்தால் ஓட்டு போய்விடும் என்று பயந்திருப்பார்கள்.