விசைப்படகில் ஓர் இறுக்குப்பட்டை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்திலிருந்து கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகிலும், கையிலோ காலிலோ கட்டி ரத்தத்தை நிறுத்தும் டூர்னிகெட் என்ற இறுக்குப்பட்டை ஒன்றும், அதைக் கட்டத் தெரிந்த ஆள் ஒருவரும் இருந்தே ஆகவேண்டும்.

வலையை இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் கை சிக்குவது நம் கரையில் எல்லாரும் அறிந்த விபத்துதான். காயத்தில் காப்பித்தூளை அப்பி, துண்டைச் சுற்றி, படகைத் திருப்புவார்கள். கரைசேரவே சில மணி நேரம் ஆகும். அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு 55 கிலோமீட்டர். ஆனால் தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இதே சிக்கலோடுதான் ராணுவ மருத்துவம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடுகிறது. 1790கள் வரை பிரெஞ்சுப் படையில் காயம்பட்டவர்கள் சண்டை முடியும்வரை களத்திலேயே கிடக்க வேண்டும். மருத்துவ வண்டிகள் ஐந்து கிலோமீட்டர் பின்னால் நிற்கும். டொமினிக் லாரே என்ற அறுவை மருத்துவர் இலகுவான குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோனார். பதவியைப் பார்க்காமல், யார் காயம் மோசமோ அவருக்கே முதல் சிகிச்சை என்றார். நம் 108 வண்டிக்கு மூதாதை அதுதான்.

இறுக்குப்பட்டையின் கதை வேறு. கையோ காலோ அழுகிவிடும் என்ற பயத்தில் டாக்டர்களே அதை வெகுகாலம் ஒதுக்கி வைத்தார்கள். ஈராக் போரில்தான் எண்ணம் மாறியது. பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனைக் கணக்கில், ரத்த இழப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் பட்டை கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம்தான். ஒரே பட்டைதான், கட்டிய நேரம்தான் வேறு.

சரி, இனி என்ன? உக்ரைன் போரில் டிரோன்களுக்குப் பயந்து காயம்பட்டவரை உடனே வெளியே எடுக்க முடிவதில்லை. பட்டை பல மணி நேரம் அப்படியே இருந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய காலும் போகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தளர்த்தி அழுத்தக்கட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கவும், ஆளை வெகுநேரம் களத்திலேயே கவனிக்கவும் படைகள் இப்போது பயிற்சி தருகின்றன. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவும், தண்ணீரில் கரைத்து ஏற்றும் பொடியாக வந்துவிட்டது. ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் உயிரைப் பிடித்துவைப்பது எப்படி என்பதுதான் அங்கே கேள்வி. நடுக்கடலில் நம் மீனவருக்கும் அதே கேள்விதான்.

பயிற்சி கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. முதுகுளத்தூர், கமுதி பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். மருத்துவப் பிரிவில் இருந்தவர்களை அவர்களுக்குள் தேடலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தான் நிற்கின்றன. வலை பின்னும் கொட்டகையிலேயே சொல்லிக்கொடுக்கலாம். காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மீது படாமல் பட்டையைச் சுற்ற வேண்டும். ரத்தம் முழுக்க நிற்கும்வரை பட்டையில் இருக்கும் குச்சியை முறுக்க வேண்டும், வலியில் கத்தினாலும் விடக்கூடாது. கட்டிய நேரத்தை உடம்பிலேயே பேனாவால் எழுத வேண்டும். மெல்லிய நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது சதையை அறுக்கும்.

கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கும்போது லைஃப் ஜாக்கெட்டோடு இதையும் கேட்கட்டும். படகு உரிமையாளர்களான சம்மாட்டிமார்களும் சங்கத் தலைவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம், வரும் தடைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.