ஒன்றே கால் சர்வீஸ்

இடம்: பெய்ரூட், தோரா ரவுண்டானா. நேரம்: காலை எட்டரை, அதாவது யாரும் எங்கேயும் போய்ச் சேர முடியாத நேரம்.

அந்த ஊரில் 'சர்வீஸ்' என்றால் ஷேர் டாக்சி. சிவப்பு நம்பர் பிளேட், பெரும்பாலும் ஒரு கிழட்டு மெர்சிடிஸ், வழியில் யார் நின்றாலும் ஹார்ன் அடித்துக் கூப்பிடும். போகிற இடம் தூரம் என்று டிரைவருக்குத் தோன்றிவிட்டால் 'சர்வீஸேன்' என்பார், இரண்டு ஆள் கூலியை ஒரே ஆள் கொடுக்க வேண்டும். தோன்றாத டிரைவரை நான் கேள்விப்பட்டதில்லை. இந்த வண்டியின் டிரைவருக்கு அறுபது வயசிருக்கும். ஏறப்போகிற பையன் இசைக் கல்லூரியில் படிக்கிறவன். வயசில் பெரியவர்களை 'அம்மோ' என்று கூப்பிடுவது அங்கே வழக்கம், சித்தப்பா என்கிற மரியாதையில்.

பையன்: ஹம்ரா போகுமா, அம்மோ?

டிரைவர்: சர்வீஸேன்.

பையன்: ஒரு சர்வீஸ் தருகிறேன்.

டிரைவர்: ஹம்ரா ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, மகனே. நடுவில் எத்தனை சிக்னல் தெரியுமா?

பையன்: அதில் எது எரிகிறது?

டிரைவர்: அதனால்தான் சொல்கிறேன். எரிகிற சிக்னல் என்றால் பச்சை விழுந்ததும் போய்விடலாம். எரியாததில் ஒவ்வொருத்தனோடும் சண்டை போட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கூலி இல்லையா? சரி, ஏறு. இறங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

(ஏறுகிறான். வண்டிக்குள் லெபனானின் பெரிய பாடகி ஃபைரூஸ் பாடிக்கொண்டிருக்கிறார். லெபனானில் காலையில் ஃபைரூஸ்தான், சூரியன்கூடக் கொஞ்சம் தாமதிக்கலாம். வலது கதவின் ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்கிறது, அதையும் பழுப்பு டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். பையன் காதில் இயர்போனைச் செருகுகிறான்.)

டிரைவர்: ஃபைரூஸ் பாடும்போது காதை அடைக்கிறாய். இது உன் அம்மாவுக்குத் தெரியுமா?

பையன்: மன்னியுங்கள் அம்மோ. பரீட்சைக்கு ஒரு ஆல்பம் கேட்டாக வேண்டும். இப்ராஹிம் மாலூஃப், டிரம்பெட். 2024 செப்டம்பரில் வந்தது.

டிரைவர்: அந்தச் செப்டம்பரில் எங்களுக்கு வேறு சத்தங்கள், குண்டுச் சத்தங்கள், கேட்டுக்கொண்டிருந்தன. அதனால் கவனிக்கவில்லை.

பையன்: ...ஆமாம்.

டிரைவர்: மாலூஃப் என்றால் நம்ம ஆள்தானே?

பையன்: 1980-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நடந்தபோது குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய், பாரிசுக்குப் பக்கத்தில் வளர்ந்தார். எழுத்தாளர் அமீன் மாலூஃப் குடும்பம்தான். அவர் 2023-இல் பிரெஞ்சு அகாதமிக்கு நிரந்தரச் செயலாளர் ஆனாரே.

டிரைவர்: நிரந்தரமா! அந்த நேரத்தில் இங்கே ஜனாதிபதி நாற்காலியே இரண்டு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்தது. நம்ம ஆளுக்கு நிரந்தரப் பதவி வேண்டுமென்றால் பாரிசுக்குத்தான் போக வேண்டும் போல. சரி, இந்தப் பையன் என்ன செய்கிறான்?

பையன்: ஃபியூஷன்.

டிரைவர்: அப்படி என்றால்?

பையன்: பல நாட்டு இசையைக் கலந்து வாசிப்பது. நம்ம இசை, ஜாஸ், ஆப்பிரிக்கா, எல்லாம்.

டிரைவர்: அதை நான் முப்பது வருஷமாகச் செய்கிறேனே! நேற்று முன் சீட்டில் ஒரு ஆர்மேனியக் கிழவி, மடியில் பூனை. பின்னால் ஒரு சிரியாக்காரன், ஒரு எத்தியோப்பியப் பெண், ஒரு இலங்கைப் பெண். ஜன்னலைத் திறக்கலாமா வேண்டாமா என்று நாலு பாஷையில் சண்டை. பூனையும் பேசியது. நான் ஆல்பமா போட்டேன்?

பையன்: நாலு பேரும் ஒரே தாளத்தில் சண்டை போட்டிருந்தால் போட்டிருக்கலாம்.

டிரைவர்: தாளம் ஹார்ன் அடித்து நான் கொடுத்தேன். (அடித்துக் காட்டுகிறார். நடைபாதையில் நின்ற இரண்டு பேர் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஓடி வருகிறார்கள். நிற்காமல் போகிறார்.) இங்கே பார், ஃபைரூஸ் இதையெல்லாம் எப்போதோ செய்தாயிற்று. யாராவது ஃபியூஷன் கியூஷன் என்று பெயர் வைத்தார்களா?

பையன்: நீங்கள் சொல்வது சரிதான். மோட்சார்ட்டின் 40-ஆவது சிம்பொனி மெட்டைத்தான் இசையமைப்பாளர்கள் ரஹ்பானி சகோதரர்கள் எடுத்து ஃபைரூஸுக்குப் பாட்டாகப் போட்டார்கள்.

டிரைவர்: எந்தப் பாட்டு?

(பையன் முனகிக் காட்டுகிறான். டிரைவரின் முகம் மாறுகிறது.)

டிரைவர்: அது எங்கள் பாட்டு. என் கல்யாணத்தில் போட்டது. அந்த மோட்சார்ட் எங்களிடம் திருடியிருக்கிறான்.

பையன்: அம்மோ, அவர் அதை எழுதியது 1788-இல். 1791-இல் செத்தே போய்விட்டார்.

டிரைவர்: திருடுகிறவன் முன்னாடியே வந்துதான் திருடுவான். சரி, போடு உன் டிரம்பெட்டை. ஃபைரூஸ் ஐந்து நிமிஷம் ஓய்வெடுக்கட்டும்.

(பையன் தன் போனில் வயரைச் சொருகுகிறான். கதவு ஸ்பீக்கரில் இருந்து டிரம்பெட் கூட்டமாகக் கிளம்புகிறது. டேப் ஒரு ஓரத்தில் பிய்ந்து துடிக்கிறது. டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்.)

டிரைவர்: ஒரு நிமிஷம். அந்த இடத்தில் அவன் பயாத்தி ராகம் பிடிக்கிறான்.

பையன்: கண்டுபிடித்துவிட்டீர்களே!

டிரைவர்: இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? (ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் காதில் பொத்திக்கொண்டு) யா லைல்... (இரண்டாவது சுரத்தில், பியானோவில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் கிடைக்காத அந்த இடத்தில், அசையாமல் நிற்கிறார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் என்ன நினைத்தாரோ, சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்குகிறார்.)

பையன்: ஸ்டீயரிங், அம்மோ!

டிரைவர்: வண்டிக்கு வழி தெரியும். இது என்ன பெரிய விஷயம்? என் அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பாடுவாள். பள்ளிவாசல் பாங்கிலும் கேட்கலாம், ஆர்த்தடாக்ஸ் கோயில் பாட்டிலும் கேட்கலாம். இந்த ஊரில் அந்த இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்துப்போகிற இடம் அந்தச் சுரம் ஒன்றுதான்.

பையன்: அதேதான் விஷயம். தொண்டைக்கு வரும், 'ஊது' என்கிற நம்ம நரம்பு வாத்தியத்துக்கு வரும், வயலினுக்கு வரும். டிரம்பெட்டுக்கு வராது. சாதாரண டிரம்பெட்டில் மூன்று வால்வு. ஒன்று முழுச் சுரம் இறக்கும், ஒன்று அரைச் சுரம், மூன்றாவது ஒன்றரைச் சுரம். மூன்றையும் எப்படிக் கூட்டி அழுத்தினாலும் அரை அரையாகத்தான் இறங்கலாம். கால் சுரம் இறங்க வழியே இல்லை. இவருடைய அப்பா நசீம் மாலூஃப், பாரிசில் மோரிஸ் ஆந்த்ரேயிடம் டிரம்பெட் படித்தவர், 1960-களில் நாலாவதாக ஒரு வால்வு வைக்கச் செய்தார். அதை அழுத்தினால் கால் சுரம் இறங்கும். நம்ம பயாத்தி, ராஸ்த் எல்லாம் வாசிக்கலாம். மகன் அதே டிரம்பெட்டில்தான் வாசிக்கிறார்.

டிரைவர்: அதாவது, அந்த மனுஷன் பாரிஸ் வரைக்கும் போய், அவர்களுடைய இசையை அவர்களுடைய பெரிய வாத்தியாரிடமே படித்து முடித்துவிட்டு, அப்புறம் அவர்களுடைய குழாயையே கழற்றி, உள்ளே ஒரு உதிரி பாகத்தைச் சொருகி, என் அம்மா மாவு பிசையும்போது பாடியதை அதில் ஊதியிருக்கிறார்.

பையன்: ஏறத்தாழ அப்படித்தான்.

டிரைவர்: (உருகிப்போய்) இவர் மெக்கானிக்காகப் போயிருக்க வேண்டியவர். இந்த வண்டியும் அப்படித்தான், ஜெர்மன் உடம்பு, ஜப்பான் பம்ப், கார்பரேட்டரை மட்டும் புர்ஜ் ஹம்மூதில் ஒரு ஆர்மேனியர் கையால் செய்து கொடுத்தார். மேட்டில் ஏறும்போது கேள், இதுவும் கால் சுரம் இறங்கும்.

பையன்: அது இறங்கும்போது புகையும் வருகிறது, அம்மோ.

டிரைவர்: ஆல்பத்துக்கு என்ன பெயர்?

பையன்: 'மைக்கலாஞ்சலோவின் டிரம்பெட்டுகள்'.

டிரைவர்: சிலை செதுக்குகிறவருக்கு டிரம்பெட் எதற்கு?

பையன்: அந்த நாலு வால்வு டிரம்பெட்டுக்கு இவர் வைத்த பெயர். இப்போது அதைச் செய்து விற்கவும் செய்கிறார், வாசிக்கச் சொல்லியும் கொடுக்கிறார்.

டிரைவர்: விற்கிறாரா? அப்படிச் சொல்லு! நான்கூட ஏதோ கலை என்று நினைத்துவிட்டேன். ஆல்பத்தில் வேறு யார் வாசிக்கிறார்கள்?

பையன்: நியூ ஆர்லியன்சிலிருந்து டிராம்போன் ஷார்ட்டி. மாலியிலிருந்து துமானி தியாபதே, கோரா வாசிப்பவர். பாவம், ஆல்பம் வெளிவரும் முன்பே, 2024 ஜூலையில் இறந்துவிட்டார்.

டிரைவர்: ஆண்டவன் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும். (மூன்று நொடி மௌனம்.) கோராவில் எத்தனை நரம்பு?

பையன்: இருபத்தொன்று.

டிரைவர்: ஊதில் பதினொன்றை வைத்துக்கொண்டே என் மச்சான் இருபது வருஷமாகச் சுருதி சேர்க்கிறான்.

பையன்: இவர் இதற்கு முன்பும் இப்படி நிறையச் செய்திருக்கிறார். 2019-இல் கியூபா இசைப் பக்கம் போனார். 2022-இல் பெனின் நாட்டுப் பாடகி ஆஞ்செலிக் கிஜோவோடு ஒரு ஆல்பம். 2015-இல் எகிப்துப் பாடகி உம்மு குல்சூமின் 'ஆயிரத்தொரு இரவுகள்' பாட்டை ஜாஸ் ஆக்கினார்.

டிரைவர்: அதை யார் பாடினார்கள்?

பையன்: யாரும் பாடவில்லை.

(பிரேக். பின்னால் வரிசையாக ஹார்ன். டிரைவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.)

டிரைவர்: உம்மு குல்சூம் பாட்டை. யாரும். பாடவில்லை.

பையன்: டிரம்பெட்தான் பாடுகிறது, அம்மோ! அந்த அம்மாள் ஒரு வரியை எடுத்துத் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகப் பாடுவார் இல்லையா, ஜாஸ்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பச்சை விழுந்துவிட்டது, போங்கள்.

டிரைவர்: சிக்னல்தான் எரியவில்லையே!

பையன்: எரிந்திருந்தால் விழுந்திருக்கும்.

(வண்டி நகர்கிறது. டிரைவர் கோபத்தில் ஒரு நிமிஷம் பேசவில்லை. ஆனால் விரல்கள் ஸ்டீயரிங்கில் டிரம்பெட்டோடு சேர்ந்து தட்டிக்கொண்டே இருக்கின்றன. அவர் அதைக் கவனிக்கவில்லை, பையன் கவனித்துவிட்டான்.)

பையன்: இது முதல் பாட்டு. பெண் கேட்கிற பாட்டு என்று பெயர். ஆல்பம் முழுக்கவே விசேஷ வீட்டுக் களைதான்.

டிரைவர்: என்ன சொன்னாய்? கல்யாணமா?

பையன்: ஜஜல் என்றுகூட ஒரு பாட்டு இருக்கிறது.

டிரைவர்: ஜஜல் என்றால் இரண்டு கவிஞர்கள் அரக் சாராயமும் தொட்டுக்கொள்ளத் தட்டுகளுமாக எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தனை ஒருத்தன் எதுகையோடு திட்ட வேண்டும். டிரம்பெட் எப்படித் திட்டும்? சரி, அது கிடக்கட்டும். என் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மலை மேலே எங்கள் கிராமத்தில். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ஜஃபே கோஷ்டியை விசாரித்தேன். நாலு மத்தளம், ஒரு சுர்னா, வாள் சுற்றுகிற இரண்டு பையன்கள். என்ன கேட்டான் தெரியுமா? டாலர்! பச்சை டாலர்! டாலர் 1,500 லிராவாக இருந்தபோது கல்யாணம் செய்திருக்க வேண்டும், இப்போது 89,500. ஆனால் அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை.

பையன்: வேறு மாப்பிள்ளையா?

டிரைவர்: இதே மாப்பிள்ளைதான். லிரா விழுந்தது, இவன் உயர்ந்துவிட்டான். துபாயில் வேலை. இதற்கு தப்கே ஆட முடியுமா?

பையன்: கை கோத்து நின்றால் கால் தானாகப் போகும்.

டிரைவர்: (கிளட்ச்சில் மிதித்துப் பார்க்கிறார். வண்டி இரண்டு முறை குதிக்கிறது.) போகிறது!

(ஹம்ரா. பையன் இரண்டு லட்சம் லிராவை எடுக்கிறான்.)

டிரைவர்: இரண்டு சர்வீஸ் சொன்னேன். நீ ஒன்று தருகிறாய். போனால் போகிறது, மாலூஃப் முகத்துக்காக ஒன்றே கால் கொடு.

பையன்: அம்மோ, நாலாவது வால்வு கால் இறக்கத்தான் செய்யும், ஏற்றாது. முக்கால் சர்வீஸ்தான் வரும்.

டிரைவர்: படித்த பிள்ளைகளை ஏற்றினாலே இதுதான். ஒன்றே கொடு. ஆனால் இறங்காதே, இரு. அந்த ஆல்பத்தை என் போனில் ஏற்றிவிடு. (மனைவிக்குப் போன் போடுகிறார்.) ஹலோ... நான்தான். அந்த ஜஃபே கோஷ்டி வேண்டாம் என்று சொல்லிவிடு... இல்லை, வேறு ஆள் கிடைத்துவிட்டது. பெரிய ஆள், பிரான்சிலிருந்து... டிரம்பெட்... ஆமாம், நம்ம ஆள்தான்... இரு, கேட்கிறேன். (பையனிடம்) மொத்தம் எத்தனை பேர் என்கிறாள்.

பையன்: டிரம்பெட் மட்டுமே ஒரு கூட்டம். அப்புறம் கிடார், டிரம்ஸ், மாலிக்காரர், அமெரிக்காக்காரர்...

டிரைவர்: (போனில்) பெரிய கூட்டமாம்... சாப்பாடா?... (பையனிடம், குரலைத் தாழ்த்தி) அத்தனை பேருக்கும் நாம்தான் சாப்பாடு போட வேண்டுமா என்று கேட்கிறாள்.

பையன்: அம்மோ, இது ஆல்பம். யாரும் வரப்போவதில்லை.

டிரைவர்: (போனில்) யாரும் வர மாட்டார்களாம். வெறும் இசை மட்டும்தான்... ஆமாம், ஒருத்தர்கூட... தட்டு, நாற்காலி எதுவும் வேண்டாம்... சரி. சரி. (வைக்கிறார்.)

பையன்: என்ன சொல்கிறார்கள்?

டிரைவர்: ஃபியூஷன் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.