ஓட்டுநர் வாய் திறக்கும் வகுப்பு வேண்டும்

ஒரு பேருந்து கவிழ்ந்து செய்தியானால் மறுநாளே ஓர் அறிவிப்பு வரும்: "ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்படும்." சில நாளில் வகுப்பும் நடந்துவிடும். திரையில் நசுங்கிய வண்டிகளின் படங்கள் ஓடும். முன்னால் ஒருவர் நின்று பேசிக்கொண்டே இருப்பார். இரவு ட்யூட்டியை முடித்துவிட்டு நேராக வந்த ஓட்டுநர்கள் பின்வரிசையில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார்கள். கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

பல வருடங்களாக ஓட்டுநர் பயிற்சித் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படி நடக்கும் வகுப்புகளால் பயணிகளுக்குப் பெரிதாக எந்த நன்மையும் இல்லை. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பது தலைகீழாக மாற வேண்டும் என்கிறேன்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஸ்வீடனின் தொலைபேசி நிறுவனமான டெலிவெர்கெட்டில் வண்டி ஓட்டும் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1996இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விழிப்புணர்வுப் பிரசாரம், மூன்றாவதற்கு விபத்தில்லாமல் ஓட்டினால் ஊக்கத்தொகை. நான்காவது குழுவில் இருந்தவர்களைச் சிறு சிறு கூட்டமாக உட்காரவைத்து, தங்கள் வேலையில் எங்கே ஆபத்து இருக்கிறது, அதற்குத் தாங்களே என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் செய்யப்படாத ஒரு குழுவும் இருந்தது. விபத்து அபாயம் அதிகமாகக் குறைந்தது, உட்கார்ந்து பேசிய குழுவில்தான். அவர்கள் பேருந்து ஓட்டுநர்கள் இல்லை என்பது உண்மை. ஆனாலும் தினமும் சாலையில் இருப்பவருக்குத் தன் ஆபத்து என்னவென்று தெரியும், அதைச் சொல்ல இடம் கிடைத்தால் அவரே மாறுவார் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. நான் பார்த்ததும் இதைத்தான்.

ஓட்டுநர்களிடம் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். நீளமான பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், வால் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். இது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எந்த நிறுத்தத்தில் பயணிகள் விளிம்பை ஒட்டி நிற்கிறார்கள், அங்கிருந்து கிளம்பும்போது வால் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது அந்த வழித்தடத்தில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். முன்கண்ணாடி ஓரத்துத் தூணும் பக்கவாட்டுக் கண்ணாடியும் சேர்ந்து, சாலையைக் கடக்கும் ஒரு ஆளையே முழுசாக மறைத்துவிடும். ஆளும் வண்டியும் ஒத்த வேகத்தில் நகர்ந்தால் அந்த மறைவு பல நொடிகள் நீடிக்கும். சீட்டில் முன்னும் பின்னும் சாய்ந்து தூணைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் அனுபவசாலிகளிடம் உண்டு. புதிதாக வந்தவருக்கு அதை யார் சொல்லிக்கொடுப்பது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்த ஓட்டுநர் சொன்னால் ஒரே நாளில் பதிந்துவிடும்.

பிரேக் விஷயமும் அப்படித்தான். ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை நொடியில் வண்டி 8 மீட்டர் போய்விடும். கார் ஓட்டிப் பழகியவருக்கு இது உடம்பில் ஏறக் கொஞ்ச காலம் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம் சூடாகி, பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, சக்கரப் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டரையோ, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையோ நம்பி இறங்கச் சொல்கிறோம். இதை அறையில் சொல்வதால் மட்டும் பயனில்லை. ஆள் ஏறிய எடையோடு வண்டியில் உட்கார்ந்து, காலில் உணர்ந்து பழக வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பேருந்துப் பயணிகளுக்குக் காயம் ஏற்பட மோதல் நடக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரு திடீர் பிரேக் போதும். வயதானவர் ஏறி, கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி எகிறினால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர் பழையபடி எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று குடும்பத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இது பெரும்பாலும் விபத்துக் கணக்கில்கூட ஏறாது. உள்ளே இருக்கும் கண்ணாடியில் பார்த்து, ஏறியவர்கள் பிடித்துக்கொண்டார்களா என்று உறுதி செய்துவிட்டுக் கிளம்புவது என்னைப் பொறுத்தவரை ஓட்டுநரின் முதல் திறமை. ஆனால் அந்த மூன்று நான்கு நொடியை அவருக்குக் கால அட்டவணை கொடுத்திருக்கிறதா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில நொடி என்றால் ஒரு டிரிப்புக்குச் சில நிமிடம். அந்த நிமிடங்களை வெட்டிவிட்டு, "பயணிகளைக் கவனித்து ஓட்டவும்" என்று வகுப்பு எடுப்பது ஓட்டுநருக்குச் செய்யும் அநியாயம்.

தூக்கத்தைப் பற்றி வகுப்புகளில் ஒரு வரிதான் இருக்கும்: "போதுமான அளவு தூங்கவும்." 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அதுதான் சட்ட வரம்பே. குடித்துவிட்டு வந்தவரை வண்டியில் ஏற விடமாட்டோம், அதிகாலை ஷிப்டுக்கு மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வந்தவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண் செருகினால் வண்டி 90 மீட்டர் அளவுக்கு ஆளில்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அதிகாலையிலும் மதியத்துக்குப் பிறகும் உடம்பே தூக்கத்தை நோக்கி இழுக்கும், மன உறுதியால் அதை வெல்ல முடியாது. ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. வண்டியை நிறுத்தி ஒரு குட்டித் தூக்கம் போடுவதுதான் வழி. சத்தமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை உள்ளவர்கள் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அசதியோடுதான் ஓட்டுவார்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் 2016 நவம்பர் 9 அன்று லண்டனின் க்ராய்டனில் நடந்த டிராம் விபத்து. சாண்டிலாண்ட்ஸ் வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப வேண்டிய டிராம் 73 கிலோமீட்டரில் வந்து கவிழ்ந்தது. 7 பேர் இறந்தார்கள், 60க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். ஓட்டுநர் சில நொடிகள் கண்ணயர்ந்திருக்கக்கூடும், அதன்பின் தான் எங்கே இருக்கிறோம் என்ற நிதானம் தப்பியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. என்னை அதிகமாக உலுக்கியது வேறு. சில நாட்களுக்கு முன்பே, அக்டோபர் 31 அன்று, அதே வளைவில் இன்னொரு டிராம் அதிக வேகத்தில் போயிருக்கிறது. வேறு ஓட்டுநர்களும் அந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து தங்கள் தவறுகளைச் சொல்ல ஓட்டுநர்கள் தயங்கினார்கள் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. அத்தனை பேரும் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து "அந்த வளைவில் எனக்கும் அப்படி ஆச்சு" என்று பேசிக்கொள்ள முடிந்திருந்தால், முன்கூட்டியே ஒரு எச்சரிக்கைப் பலகையாவது அங்கே வந்திருக்கும்.

சட்டத்தால் ஆகக்கூடியதும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரத் தொடர் பயிற்சி முடிக்க வேண்டும். நீண்டதூர வண்டிகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நல்ல விதிகள், எல்லா இடத்திலும் வர வேண்டும். ஆனால் அந்த 35 மணி நேரத்தையும் ஒரே ஆள் பேசித் தீர்த்துவிட்டால் முதல் பத்தியில் சொன்ன வகுப்புதான் அங்கேயும் நடக்கும்.

சாகசப் பயிற்சி பற்றியும் ஒரு எச்சரிக்கை. வழுக்கும் தரையில் வண்டியைச் சறுக்கவிட்டு மீட்கும் பயிற்சி பார்க்க நன்றாக இருக்கும், நிறுவனங்களுக்கும் அதில் ஆசை அதிகம். நார்வேயில் இதைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியபோது, இளைஞர்களின் விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியது. "எனக்கு மீட்கத் தெரியும்" என்ற தைரியம் வேகத்தைக் கூட்டிவிட்டது. சறுக்கும் நிலைக்கே போகாமல் ஓட்டுவதைத்தான் நாம் சொல்லித்தர வேண்டும்.

செய்தே பழக வேண்டிய ஒன்று உண்டு. ஆட்களை வெளியேற்றுவது. 1988 மே 14 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் கரோல்டன் அருகே, 67 பேர் இருந்த பேருந்து ஒன்றின் மேல் குடிபோதையில் எதிர்த்திசையில் வந்தவரின் பிக்கப் வண்டி மோதியது. எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. முன்கதவு அடைபட்டது. மீதி இருந்தது பின்பக்க அவசரக் கதவு ஒன்றுதான், குறுகலான நடைபாதையில் எல்லோரும் அதை நோக்கி நெருக்கியடித்தார்கள். 27 பேர் இறந்தார்கள். அவர்கள் உயிரை எடுத்தது மோதல் இல்லை, தீயும் புகையும். இதற்குப் பிறகு அவசர வழிகள் பற்றிய விதிகள் கடுமையாயின. ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. காற்றழுத்தம் போனபின் கதவை எந்த வால்வைத் திருப்பித் திறப்பது, கண்ணாடியை எந்த மூலையில் உடைப்பது, தீயணைப்பானின் பாதுகாப்பு ஊசியை எப்படி இழுப்பது, மின்சாரத்தை எங்கே துண்டிப்பது, இவை கைக்குப் பழகியிருக்க வேண்டும். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு தடவிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டி மாடல் மாறினால் மறுபடியும். இதற்கு ஒரு காலைப்பொழுது போதும், எந்த நிறுவனமும் முடியாது என்று சொல்ல முடியாது.

சரி, பேசும் வகுப்பு எப்படி இருக்க வேண்டும்? எட்டுப் பத்துப் பேர், ஒரே வழித்தடங்களில் ஓட்டுபவர்கள். ட்யூட்டி நேரத்தில், சம்பளத்தோடு. வார விடுமுறையைப் பிடுங்கி நடத்தும் பாதுகாப்பு வகுப்பு அந்த ஓட்டுநரின் ஓய்வைத் திருடுகிறது. "இந்த மாதம் நூலிழையில் தப்பியது எங்கே?" என்ற கேள்வியோடு தொடங்கலாம். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாவதில் ஒருவர் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லுவார். அப்புறம் நிற்காது. சொன்னதைப் பெயர் போடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். குடிபோதை, வேண்டுமென்றே செய்த அத்துமீறல் தவிர, அந்த அறையில் தானாக முன்வந்து சொன்னதற்குத் தண்டனை கிடையாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன முறை சொன்னவற்றில் எது சரிசெய்யப்பட்டது என்று படிப்பது. கண்ணாடியின் கோணம் மாறியதா, அந்த நிறுத்தம் பத்தடி தள்ளிப் போனதா, இரவு முடிந்து அதிகாலை தொடங்கும் ஷிப்ட் நீக்கப்பட்டதா? இரண்டு கூட்டத்தில் ஒன்றுமே மாறவில்லை என்றால் மூன்றாவது கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னும் ஒருவர் அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும்: கால அட்டவணை போடுபவர். இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த வேலையில் இருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு முழு ஷிப்ட், முதல் டிரிப்பில் ஏறிக் கடைசி டிரிப்பில் இறங்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூட ஆகும் நேரம், ஓட்டுநர் கழிப்பறைக்குப் போகக் கிடைத்த நிமிடங்கள், வண்டி எங்கே தாமதமானது, அதை ஈடுகட்ட அவர் எங்கே வேகத்தைக் கூட்டினார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அடுத்த கூட்டத்தில் ஓட்டுநர்கள் முன்னால் படியுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.