சின்ன வயலினுக்கு ஐந்து கட்டை

பிள்ளைகள் நாலு வயதிலேயே வயலின் தொடங்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தொடங்கலாம்தான், ஆனால் வயலினின் அளவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே! வயலினைத் தோளில் வைத்து, பிள்ளையின் இடது கையை முழுக்க நீட்டச் சொல்லுங்கள். வயலின் நுனியில் சுருண்டிருக்கும் தலைச்சுருள் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நாலு வயதுக்குப் பெரும்பாலும் 1/16 அல்லது 1/10 அளவு போதும். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று அதைவிடப் பெரிய 1/4 வாங்கினால் மணிக்கட்டு மடங்கும், சுண்டுவிரல் எட்டாது.

அடுத்தது சுருதி. ஆதார ஸ எந்த உயரத்தில் என்பதைத்தான் கட்டையில் சொல்கிறோம்: ஒரு கட்டை என்றால் மேற்கத்திய C, 5 கட்டை என்றால் G. குட்டி வயலினை ஒரு கட்டைக்கு இறக்கினால் தந்தி தொய்ந்து கரகரக்கும். நாலு தந்திக்குமான ஸ-ப-ஸ-பவை 5 கட்டையில் வையுங்கள். கீழ்த் தந்தி இரண்டும் மேற்கத்திய சுருதியிலேயே நிற்கும். மேல் இரண்டை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும். பிள்ளைக் குரலுக்கும் அதுதான் தோது.

முதலில் வில் மட்டும்: நடுப்பகுதியில் குட்டை வீச்சு, விரல் வைக்காத தந்தியில். விரலையும் சேர்த்துத் தொடங்கினால் தோள் இறுகிவிடும். வீட்டில் இதைக் கவனிக்க ஆள் வேண்டுமென்றுதான் சின்னப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் ஜப்பானிய சுசுகி முறையில் பெற்றோரும் வில் பிடிக்கக் கற்கிறார்கள்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரத்தில் தந்தியை முறுக்கும் மரப் பிருடை ஊதி இறுகும். பிள்ளையைத் திருகவிடாதீர்கள். வால்பக்கம் சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் சின்னத் திருகாணிகள், அதாவது நாலு ஃபைன் ட்யூனரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளச்சல், முட்டம் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்ததும் தந்தியை உலர்துணியால் துடைக்கணும், உப்புக்காற்று இரும்புத் தந்தியை விடாது.