கிளவுஸ் கையில் செல்போன்

போன மாதம் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தேன். நான்காம் நாள் கட்டு மாற்ற வந்த சிஸ்டர் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கிளவுஸ் மாட்டி, பழைய பஞ்சை எடுத்துப் போட்டார். அந்நேரம் பார்த்து பாக்கெட்டில் போன் அடித்தது. கிளவுஸ் கையோடு எடுத்தார். "டிரெஸ்ஸிங்ல இருக்கறனுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போட்டார். அதே கை புதுப் பஞ்சுக்கு நீண்டது.

அமுச்சி விடவில்லை. "ஏங் கண்ணு, அந்தக் கையக் கழுவீட்டுத் தொடு சாமி." சிஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கிளவுஸைக் கழற்றி, கையைக் கழுவி, வேறு மாட்டிக்கொண்டார்.

அமுச்சி படித்தது மூன்றாவது வரைக்கும்தான். ஆனால் நாற்பது வருசம் மாடு கறந்த கை. எங்கள் பக்கம் மடியையும் கையையும் கழுவாமல் காம்பைத் தொட்டால் வசவு விழும். மடிநோய் கண்ட மாட்டைக் கடைசியாகத்தான் கறப்பது. முதலில் கறந்தால் கையோடு அடுத்த மாட்டுக்குப் போய்விடும். அந்த மடிநோய்க்குக் காரணமான கிருமிகளில் முக்கியமான ஒன்று ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஆபரேஷன் புண்ணில் சீழ் வைப்பதிலும் அது முன்வரிசை ஆள். காய்ந்த பரப்பில்கூட நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

துருக்கியில் மருத்துவமனைப் பணியாளர்கள் 200 பேரின் கைகளையும் போன்களையும் சோதித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 94.5 சதவீத போன்களில் பாக்டீரியா இருந்தது. எல்லாமே நோய் உண்டாக்குபவை அல்ல, நம் தோலிலேயே குடியிருக்கிற சாதுக்களும் அதில் உண்டு. இன்னார் போனால்தான் இந்தப் புண் சீழ் பிடித்தது என்று நிரூபிப்பதும் லேசில்லை. சரி, மாட்டுக்கு மட்டும் நிரூபித்துவிட்டா கை கழுவுகிறோம்?

இதற்காக நர்ஸ்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்டர் மருந்து மாற்றச் சொல்வது வாட்ஸ்அப்பில், லேப் ரிப்போர்ட் வருவது வாட்ஸ்அப்பில், ராத்திரியில் நரம்பு தேட டார்ச்சும் அதுதான். வேலையே போனில் நடக்கும்போது சுவரில் 'செல்போன் தடை' என்று போர்டு மாட்டி யாரை ஏமாற்றுகிறோம்?

அவர்களைவிட மோசம் கூட இருக்கிற நாம்தான். ஐசியூவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கக்கூஸ் வரை கொண்டுபோன போனோடு உள்ளே போகிறோம். நானே சிங்கப்பூரில் இருக்கும் மாமனை வீடியோ காலில் பிடித்து, போனை அமுச்சி கையில் கொடுத்தேன். காது சரியாகக் கேட்காததால் கன்னத்தோடு அழுத்திக்கொண்டது. பேசி முடித்து அதே கையால் வாயைத் துடைத்தது. அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சிஸ்டரை மட்டும் முறைத்தேன்!

செய்ய வேண்டியது சின்ன வேலை. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊறிய துடைப்புத்தாள் மருந்துக்கடையில் கிடைக்கிறது. போனை அணைத்து, உறையைக் கழற்றி, இரண்டையும் துடைத்துக் காயவிட வேண்டும். டிஸ்ப்ளே போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: ஐபோனை இப்படி மெதுவாகத் துடைக்கலாம் என்று 2020இல் ஆப்பிள் கம்பெனியே சொல்லிவிட்டது. தண்ணீர் சொட்டச் சொட்டத் துடைப்பதும், மேலே நேராக ஸ்பிரே அடிப்பதும்தான் ஆகாது. அப்புறம், போனைத் துடைத்துவிட்டோம் என்று கை கழுவுவதை விட்டுவிடக் கூடாது. துடைத்த போனை அழுக்குக் கை தொட்டால் பழையபடிதான்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று வார்டு இன்சார்ஜிடம் கேட்டேன்: வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்திருக்கிறீர்களே, பக்கத்தில் துடைப்புத்தாள் பாக்கெட் ஒன்றும் வைத்தால் என்ன? "வெச்சா ஒரே நாள்ல பாக்கெட்டோட எடுத்துட்டுப் போயிருவாங்கொ" என்றார். அப்படியானால் பேங்கில் பேனாவைக் கட்டி வைக்கிற மாதிரி கயிறு போட்டுக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.