ஊர்ற பூச்சியா, பறக்கிற பூச்சியா?

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று யாரும் சொல்வதில்லை. “கழனிக்குப் போற, பூச்சி பொட்டு கீது, பாத்துப் போடா” என்பார் ஆயா. பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்கிற அதே வாய்தான். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும், அதை விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை.

பெரியப்பா மகன், என் அண்ணன், மல்லாட்டைக் காவலுக்குப் போய்க் கழனியிலேயே தரையில் படுத்திருந்தான். நடுராத்திரியில் சுருக்கென்றது. “ஏதோ பூச்சி” என்று சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு தூங்கிவிட்டான். வீக்கமில்லை, வலியுமில்லை. விடியற்காலையில் வயிற்று வலி, அப்புறம் கண் இமை தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரியம்மா “பூச்சி கடிச்சிடுச்சிங்க” என்றார். டாக்டர் வேறு மாவட்டத்துப் பிள்ளை. பூச்சி என்றால் பூச்சிதானே? அலர்ஜிக்கு ஊசி போட்டார். முக்கால் மணி நேரம் கழித்து டியூட்டிக்கு வந்த எங்கள் பக்கத்து நர்ஸம்மா ஒருத்தர்தான் கேட்டார்: “ஊர்ற பூச்சியா, பறக்கிற பூச்சியா?”

அந்தக் கேள்வியால் அண்ணன் பிழைத்தான். விஷமுறிவு மருந்து ஏறியது, நான்கு நாள் செயற்கை சுவாசம்.

கட்டுவிரியன் அப்படித்தான். ராத்திரியில், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. நரம்பை அடித்து மூச்சை நிறுத்திவிடும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் இங்கே ஒரே மருந்துதான், பாம்பை அடித்துத் தூக்கிப்போக வேண்டியதில்லை. கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் கொண்டுபோங்கள்.

2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை சாலை வசதி இல்லாமல் வழியிலேயே இறந்துபோனது. மலையூர்களில் பாதையே இவ்வளவு நேரத்தைத் தின்கிறது. ஒரு சொல்லும் சேர்ந்து தின்ன வேண்டுமா?

கழனியில் பூச்சி என்றே சொல்லுங்கள். 108-க்குப் போன் போடும்போதும், ஆஸ்பத்திரி வாசலிலும் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்கவில்லை என்றால், “ராத்திரி தரையில் படுத்திருந்தான், பாம்பாக இருக்கலாம்” என்றாவது சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக வரும் டாக்டர்களே, பூச்சி என்று யாராவது சொன்னால், அந்த நர்ஸம்மா கேட்டதைத் தயவுசெய்து நீங்களும் கேளுங்கள்.