பழைய வண்டின்னா அப்படித்தானா?

"பழைய வண்டி வாங்கினா அப்படித்தான் மக்கா, பாத்துல்லா வாங்கியிருக்கணும்."

மூணு மாசமா இதை என்கிட்ட சொல்லாத ஆள் மார்த்தாண்டத்துல பாக்கி இல்ல. மச்சான் சொன்னான். சர்ச் வாசல்ல ஒருத்தர் சொன்னார். டீக்கடையில முன்பின் தெரியாத மனுஷன் ஒருத்தரும் சொன்னார். ஏமாந்ததுகூட ஆறிப்போச்சு. இந்த வார்த்தைதான் ஆறல. அதனால எழுதிடறேன்.

களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் ரோட்டுல ஒரு யூஸ்டு கார் ஷோரூம். பேர் வேண்டாம். ஓணத்துக்கு முந்தின வாரம் போனேன். வாசல்ல அத்தப்பூ, உள்ள ஏசி. விக்கிற பையன் நம்ம ஊர்த் தமிழ்லயே, "வாருங்க சாரே, ஒரு டாக்டர் ஓட்டின வண்டி கெடக்கு"ன்னான். (இந்த நாட்டுல விக்க வர்ற பழைய கார் எல்லாத்தையும் டாக்டரும் டீச்சரும்தான் ஓட்டியிருக்காங்க. மத்தவங்கல்லாம் பஸ்ஸுல போனாங்க போல.)

2016 மாடல், சின்ன டீசல் கார், வெள்ளை. மீட்டர்ல 58,000 கிலோமீட்டர். விலை 4,15,000. இதே மாடலை ஓனர்கிட்ட நேரடியா பேசினா 3,70,000க்கு முடிக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் 45,000 கூட வச்சேன். லேமினேட் பண்ணின ஒரு அட்டையைக் காட்டினாங்க. எஞ்சின், பிரேக், பாடி, எல்லாத்துக்கும் பச்சை டிக். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், பார்க்கத் தெரியாது. பார்க்கத் தெரிஞ்சவன் பார்த்திருக்கான்னு சொன்னதுக்குத்தான் அந்தக் காசு.

நம்பர் கேஎல் 41, கேரளா நம்பர். எல்லையில இருக்கிறவனுக்கு கேஎல் நம்பர் ஒரு விஷயமா? 01 திருவனந்தபுரம், 19 பாறசாலை, 20 நெய்யாற்றின்கரை, இதெல்லாம் மனப்பாடம். 41 எந்த ஊருன்னு கேக்கத் தோணவே இல்ல.

ஐப்பசி மழை பிடிச்ச முதல் நாள், ஏசி போட்டதும் ஒரு நாத்தம். நனைஞ்ச சாக்கை மடிச்சு வச்சுப் பத்து நாள் கழிச்சுப் பிரிச்ச மாதிரி. அடுத்த வாரம் பின் கண்ணாடி இறங்கல. அப்புறம் ஏர்பேக் லைட் எரிஞ்சது, அணையவே இல்ல. குழித்துறையில தெரிஞ்ச வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன்.

மெக்கானிக் பானட்டைத் தொடல. டிரைவர் சீட் பெல்ட்டை உருவ ஆரம்பிச்சார். நாம மாட்டும்போது வருமே, அந்த அளவு இல்ல. அதுக்கு மேலயும், இனி வராதுங்கிற வரைக்கும். கடைசி ஒரு முழம் வேற நிறம். குறுக்க செம்மண் கலர்ல ஒரு கோடு, அதுக்குக் கீழ காஞ்ச சேறு. நகத்தால சுரண்டினார், மாவு மாதிரி மடியில உதிர்ந்தது.

"மேல உள்ளத எல்லாம் ஷாம்பு போட்டுக் கழுவியிருக்கானுவ. இஞ்ச எவனும் கழுவ மாட்டான் சாரே."

சீட்டுக்கு அடியில டார்ச் அடிச்சுக் காட்டினார். சீட் நகர்ற கம்பி முழுக்கத் துரு. 41 ஆலுவான்னு அவர் சொல்லித்தான் தெரியும். 2018 ஆகஸ்ட், கேரளா வெள்ளம். பெரியாறு ஏறி, நெடும்பாசேரி ஏர்போர்ட்டையே 15ஆம் தேதியில இருந்து 29 வரைக்கும் மூடி வச்சிருந்தாங்களே, அந்த ஊர்ப்பக்கம். ஒக்கி புயல் எங்க பக்கம் அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. இருந்தும் எங்க தெருவுல அரிசியும் போர்வையும் சேர்த்து அனுப்பினோம்.

பழைய இன்ஷூரன்ஸ் காகிதத்துல ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். டாக்டர் இல்ல, பேக்கரி வச்சிருக்கிறவர். "அய்யோ, அது வெள்ளத்தில் போய வண்டியல்லே? இன்ஷூரன்ஸுகாரு அன்னே கொண்டுபோயல்லோ!" பழுது பார்க்கிற செலவு காப்பீட்டு மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா முழு நஷ்டம்னு கணக்கு. அவருக்குப் பணத்தைக் கொடுத்துட்டு, வண்டியை ஏலத்துல தள்ளிட்டாங்க. யாரோ எடுத்து, காய வச்சு, கழுவி, மணக்க வச்சு ரோட்டுல விட்டிருக்கான். ஆர்சி இன்னும் பேக்கரிக்காரர் பேர்லதான் கிடக்கு. வண்டியை வேற மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபம் இல்லைன்னு ஆர்டிஓ தர்ற காகிதம்தான் என்ஓசி. 'என்ஓசி ரெண்டே வாரம்'னு சொன்ன ஷோரூம் அதையும் வாங்கித் தரல. நான் யாரையாவது இடிச்சா நஷ்ட ஈட்டுக்கு அவரும் பதில் சொல்லணும். ஆர்சியில பேர் இருக்கிறவர்தான் ஓனர்னு சுப்ரீம் கோர்ட் அதே 2018லதான் தெளிவாச் சொன்னது. மனுஷன் என்னைவிடப் பயந்துட்டார்.

ஷோரூம்ல போய்க் கேட்டா, "யூஸ்டு வண்டி சாரே, இருக்கிற நிலையில வாங்கறேன்னு ஒப்பு போட்டிருக்கீங்க." ஊர்க்காரங்க சொன்ன அதே வார்த்தை, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

என் தப்பும் இருக்கு. ஃபுல் கவர் இருந்த வண்டி, 2018க்கு அப்புறம் அடுத்தவங்க நஷ்டத்துக்கு மட்டும் உள்ள தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ்லயே ஓடியிருக்கு. அந்தக் காகிதம் என் கையிலதான் இருந்தது, ஏன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். தெருவோரத்துல ஓனர்கிட்ட வாங்கிட்டு வந்து அழுதா 'பாத்து வாங்கியிருக்கணும்'னு சொல்லுங்க, தலையாட்டறேன். பார்த்துக் கொடுக்கறதுக்குன்னே காசு வாங்கினவனை விட்டுட்டு என்கிட்ட ஏன் சொல்றீங்க? டயர் தேய்மானம், கிளச் போறது, இதெல்லாம் பழசு. தண்ணியில மூழ்கினதை மறைச்சு டாக்டர் கதை சொல்றதும் பழசுல சேருமா?

பழைய வண்டி வியாபாரத்துக்கு 2023 ஏப்ரல் 1ல இருந்து தனி விதி இருக்கு. ஆர்டிஓகிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும். ஓனர் வண்டியை ஒப்படைச்சதை ஃபாரம் 29-சியில பதியணும். அதைக் காட்டுங்கன்னு கேட்டேன். டீ குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க.

எல்லை தாண்டி வாங்கினதால கேஸுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் அலையணுமோன்னு நினைச்சிருந்தேன். வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. நாகர்கோவில்ல போடறேன்.

வக்கீல் போட்டோ கேட்டார். இன்னைக்குக் காலையில எடுத்தேன். பெல்ட் சுருட்டிக்கிட்டு உள்ள ஓடுது, ரெண்டு தடவை மங்கலா விழுந்தது. மூணாவது தடவை வீட்டுக்காரி ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. அதுல கோடு நல்லாத் தெரியுது.